யசோதாம்மாவின் புதன்கிழமைகள்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் சாமல்பட்டி போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். உறவுக்காரர் வீட்டில் காதுகுத்து. தூறல் விழுந்துகொண்டிருந்தது. செல்போன் அடித்தது. நான் கண்காணிப்பாளராக இருந்த ஓசூர்க் கிளைச்சிறையின் காவலர் மஞ்சுநாத்.

“சார், யசோதாம்மா போய்ட்டாங்க.”

“எங்கப்பா போனாங்க?” என்றேன்.

மறுமுனையில் மஞ்சுநாத் மூக்கை உறிஞ்சினார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என்மேல் தவறில்லை. இத்தனை வருடங்களில் அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ‘போயிருக்காங்க’ என்றுதான் பதில் வரும். கோர்ட்டுக்குப் போயிருக்காங்க, தேன்கனிக்கோட்டைக்குப் போயிருக்காங்க, மருந்துக் கிடங்கில் சண்டை போடப் போயிருக்காங்க. அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“பெங்களூருல, பொண்ணு வீட்டுல. காத்தால காப்பி குடிச்சுட்டு உக்காந்தாங்களாம் சார். அவ்ளோதானாம். ஊருக்குக் கொண்டு வராங்க” என்றார் மஞ்சுநாத்.

சாமல்பட்டி பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. அவருடைய ஊரான வேப்பனப்பள்ளிக்குப் போகும் பஸ் நிற்கும் பக்கம் நடந்தேன்.

யசோதாம்மாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மருத்துவர் அல்ல. மனநலச் சமூகப் பணியாளர். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து எங்கள் மாவட்டத்துச் சிறைகளுக்கு மருத்துவரை அழைத்துவருவது, மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்வது, கைதியின் வீட்டைத் தேடிப்போவது, வெளியே போனவர் மருத்துவமனைக்கு வருகிறாரா என்று விசாரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வேலைக்கு அரசாங்கம் ஒரு பெயர் வைத்திருந்தது. நாங்கள் ‘புதன்கிழமை’ என்று சொல்வோம். புதன்கிழமைதான் அவர் வருவார்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். பெங்களூரில் படித்து, அங்கேயே ஒரு மனநல மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்ததில் கன்னடமும் தண்ணீர் பட்ட பாடு. கணவர் சீக்கிரம் காலமாகிவிட்டார். மகளைப் படிக்கவைத்து ஆளாக்கிவிட்டு, சொந்த மாவட்டத்தில் வேலை என்றதும் ஓடிவந்துவிட்டார். ஓசூர்க் குளிர் மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. சித்திரை மாதத்திலும் புடவைக்கு மேல் ஒரு பழுப்பு நிற ஸ்வெட்டர் இருக்கும்.

முதல்முறை வந்தபோது நான் அந்தச் சிறையின் கண்காணிப்பாளராகப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தேன். எங்களுடையது சின்னச் சிறை. தண்டனைக் கைதிகள் கிடையாது. விசாரணைக் கைதிகள் மட்டும்தான். அடிதடி, திருட்டு, தொழிற்பேட்டையில் செம்புக் கம்பி தூக்கினவர்கள், எல்லை தாண்டிச் சாராயப் பாக்கெட் கொண்டுவந்தவர்கள். பத்துப் பதினைந்து நாளில் பெரும்பாலானவர்கள் ஜாமீனில் போய்விடுவார்கள்.

“இங்க யாரும் தங்குறதே இல்லம்மா. நீங்க வைத்தியம் ஆரம்பிக்கிறதுக்குள்ள ஆளு கிளம்பிடுவான்” என்று சொல்லிப் பார்த்தேன்.

அவர் நான் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். “பஸ் ஸ்டாண்டுல யாரும் குடியிருக்கறது இல்ல சார். அதுக்காக அங்க தண்ணிக் குழாய் வேணாம்னு சொல்லிடுவமா?” என்றார். பிறகு மீதி டீயையும் குடித்து முடித்தார். எங்கள் சிறையின் டீ கேவலமானது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

முதலில் அவர் கை வைத்தது கைதிகள் மேல் அல்ல, எங்கள் மேல். காவலர்கள் பணி மாறும்போது அருகில் நின்று பார்த்தார். இறங்குபவர் ஏறுபவரிடம் சாவிக்கொத்தைக் கொடுப்பார், ஆள் கணக்கைச் சொல்வார், கிளம்புவார். “சாவியக் கை மாத்துறீங்க. ஆளக் கை மாத்த மாட்டேங்கிறீங்களே” என்றார் யசோதாம்மா. “ஆஸ்பத்திரியில நர்சுங்க டூட்டி மாறும்போது, இந்தப் படுக்கைக்காரர் சாப்பிடல, அந்தப் படுக்கைக்காரர் தூங்கலன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. நீங்களும் சொல்லுங்க. ரெண்டு வார்த்த போதும்.”

காவலர்கள் முணுமுணுத்தார்கள். இருக்கிற வேலை போதாதென்று இது வேறா என்றார்கள். மஞ்சுநாத்தான் அதிகம் முணுமுணுத்தவர். அவருடைய மனதை மாற்றியது ஒரு தறித்தொழிலாளியின் விஷயம். குடித்துவிட்டுத் தகராறு செய்து உள்ளே வந்த மனிதர். மூன்றாம் நாள் கையெல்லாம் நடுங்க, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். முன்பெல்லாம் அதை நடிப்பு என்று விட்டுவிடுவோம். “தெனமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா இப்படி வரும். இது நடிப்பு இல்ல, உயிர் போற சமாசாரம்” என்று யசோதாம்மா அதற்கு முந்தின வாரம்தான் சொல்லிப் போயிருந்தார். மஞ்சுநாத் என்னிடம் ஓடிவந்தார். மருத்துவமனைக்கு அனுப்பினோம். கொஞ்சம் தாமதித்திருந்தால் பிணமாகத்தான் வெளியே போயிருப்பார் என்று அங்கே சொன்னார்கள். அதற்குப் பிறகு மஞ்சுநாத் பணி மாற்றும்போது ரெண்டு வார்த்தை அல்ல, இருபது வார்த்தை சொல்லுவார்.

புதன்கிழமைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் கேட்பது அவர் குரல்தான். சன்னமாகப் பேச அவருக்கு வராது. புதிதாக வந்த யாரிடமும் பெயர், ஊர், வழக்கு எதுவும் கேட்கமாட்டார். தூக்கம் வந்ததா என்றுதான் கேட்பார். தமிழில் கேட்டு ஆள் விழித்தால் தெலுங்கில் “நித்ர பட்டிந்தா?”; அதற்கும் விழித்தால் கன்னடத்தில் “நித்தெ பந்தா?”. வடக்கத்திப் பையன்களிடம் கையைக் கன்னத்தில் வைத்துச் சாய்ந்து காட்டுவார். அந்தப் பையன்கள் சிரித்துவிடுவார்கள். மாங்காய்க் காலத்தில் தோப்பிலிருந்து கூடை வரும். கைதிகளுக்கும் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். வெளி உணவு கூடாது என்று ஒவ்வொரு வருடமும் நானும் சொல்வேன். “சட்டத்த மாத்துற வரைக்கும் கேட்டுட்டே இருப்பேன்” என்று சொல்லிவிட்டுக் காவலர்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுப்பார். திரும்பும்போது வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். அடுத்தவர் தூக்கத்தை விசாரித்தே ஓய்ந்துபோனவர் என்று மருத்துவர் கேலி செய்வார்.

இனி மாதப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் அவர் பெயரையும் அவர் மனைவி பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

மாதப்பா தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டோரத்தில் கேழ்வரகு போடும் விவசாயி. யானை இறங்கும் காலத்தில் பரண் மேல் காவல் இருப்பவர். தொடர்ந்து பல வாரம் கண்மூடாமல் காவல் இருந்திருக்கிறார். தூக்கம் போயிற்று, அப்புறம் நிதானமும் போயிற்று. யானைகளைத் தன் நிலத்துக்குள் ஓட்டிவிடுவதே மனைவியின் தம்பிதான் என்று அவருக்குள் ஒரு குரல் சொல்ல ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மைத்துனரின் தலையில் மண்வெட்டியால் அடித்துவிட்டார். மைத்துனர் பிழைத்துக்கொண்டார், ஆனால் ஒரு காது கேட்காமல் போய்விட்டது.

சிறைக்கு வந்த மாதப்பா பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார். யசோதாம்மா அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கன்னடத்தில் கேட்டார்: “யானை எந்தப் பக்கமா எறங்கும்?”

மாதப்பா தலையை நிமிர்த்தினார். பிறகு விரலால் தரையில் ஓடையை வரைந்தார், பாறையை வரைந்தார், அகழி வெட்டின இடத்தைக் காட்டினார். பேச்சு வந்துவிட்டது. யசோதாம்மா வெளியே வந்து என்னிடம், “வாழைப்பழம் தோலோட, அவிச்ச முட்டை ஓட்டோட குடுங்க சார். அதுக்குள்ள யாரும் எதையும் கலக்க முடியாதுன்னு அவருக்கே தெரியும்” என்றார். மருத்துவர் அதையே எழுதிக் கொடுத்தார். மாதப்பா முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தானே உரித்துச் சாப்பிட்டார். இரண்டொரு நாளில் மாத்திரையும் உள்ளே போனது.

வாரங்கள் போகப் போக ஆள் தெளிந்துவந்தார். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். யசோதாம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. காவலர்களைக் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: “இப்பத்தான் அவர ரொம்பப் பத்திரமா பாத்துக்கணும். இத்தன நாள் அவர் செஞ்சது அவருக்கே தெரியாது. இனிமேதான் தெரியும்.”

அவர் சொன்னதுபோலவே நடந்தது. ஒரு சனிக்கிழமை பணி மாறும்போது மஞ்சுநாத் அடுத்தவரிடம், “மாதப்பா இன்னிக்கி நல்லாச் சாப்பிட்டாரு. சிரிச்சாருகூட. ஆனா தன் சோப்பு, துண்டு, போர்வ எல்லாத்தையும் பக்கத்து ஆளுக்குக் குடுத்துட்டாரு. எனக்கு என்னமோ சரியாப் படல” என்று சொல்லியிருக்கிறார். அடுத்தவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். குளியலறைப் பக்கம் மாதப்பா போனபோது பின்னாலேயே போனார். கிழித்துத் திரித்த வேட்டித் துணி மாதப்பாவின் கையில் இருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை என்றும் பார்க்காமல் யசோதாம்மா வந்தார். ஸ்வெட்டர் போட மறந்திருந்தார். மாதப்பாவின் பக்கத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. போகும்போது மஞ்சுநாத்தைப் பார்த்து, “நீங்க சொன்ன ரெண்டு வார்த்ததான்ப்பா” என்று மட்டும் சொன்னார். அந்த முரட்டு மனிதர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பிறகு நீதிமன்றம் மாதப்பாவுக்கு ஜாமீன் கொடுத்தது. ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. ஜாமீன் கிடைத்தும் ஒரு மனிதர் உள்ளேயே கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. என்னுடைய விடுமுறை நாளில் நானும் யசோதாம்மாவோடு அவர் ஊருக்குப் போனேன். மனைவி கௌரம்மா களத்தில் கேழ்வரகுக் கதிரைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று தெரிந்ததும் முகம் இறுகிவிட்டது.

“பேடக்கா. வேணாம். அவரு இங்க வர வேணாம்” என்றார்.

நான் முந்திக்கொண்டேன். “இப்ப அவருக்கு நல்லாயிடுச்சும்மா. உன் புருசன்தானே? நீயே கைவிட்டா எப்படி?”

கௌரம்மா என்னைப் பார்க்காமல் யசோதாம்மாவிடம் பேசினார். “என் தம்பி ரத்தத்த நான்தாங்கக்கா கழுவினேன். நாய் குரைச்சாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்கறேன். எனக்குப் பயமா இருக்குது.”

“சார், நீங்க கொஞ்சம் ரோட்டுப் பக்கம் நில்லுங்க” என்றார் யசோதாம்மா.

நின்றேன். வெகுநேரம் கழித்து வந்தார். பஸ் ஏறினோம். “சம்மதிச்சாங்களா?” என்று கேட்டேன். “நான் கேக்கவே இல்ல” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம், அந்த மனிதரை வெளியே கொண்டுவர வேண்டும் என்று சொன்னதே நீங்கள்தானே என்று பஸ் என்றும் பாராமல் பேசினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“உள்ள இருக்கறவருக்கு நான் ஆளு சார். அதுக்காக வெளிய இருக்கற அந்தப் பொண்ணுக்கு ஆளே இல்லாம போகணுமா? பயம் அவங்களோடது. அத எடுத்துப் போடச் சொல்ல நமக்கு அதிகாரம் கெடையாது. மாதப்பாவுக்கு வேற எடம் பாக்கலாம்.”

அவர் வழக்கம்போலத் தூங்கிவிட்டார்.

வேறு இடம் பார்த்தும் விட்டார். மாதப்பாவின் அக்கா ஓசூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தார். அக்காவின் கணவர் ரோஜாப் பண்ணை ஒன்றில் மேஸ்திரி. அவரும் அவருடைய அண்டை வீட்டுக்காரரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டார்கள். மாதப்பா பண்ணையில் பூக்கட்டு கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். பகல் வேலை மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று யசோதாம்மா மேஸ்திரியிடம் உறுதி வாங்கியிருந்தார். மாதம் தவறாமல் மாதப்பா மருத்துவமனைக்கு வந்து மாத்திரை வாங்கிப் போனார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கௌரம்மா தானாகவே மருத்துவமனைக்கு வந்து யசோதாம்மாவைத் தேடியிருக்கிறார். அப்போது நான் வேறு வேலையாக அங்கே இருந்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

“மாத்திரைய விட்டா மறுபடியும் அப்படி ஆவாராக்கா?”

“ஆகலாம்” என்றார் யசோதாம்மா. “விடாம பாத்துக்கிட்டா ஆகாம இருக்கறதுக்கும் வழி உண்டு. ஆனா ஆகவே ஆகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்.”

கௌரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். “ஆகாதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிருப்பேன்” என்றார். அதற்குப் பிறகு மாதப்பா மாத்திரை வாங்க வரும் நாளில் அவரும் வருவார். முதல் சில மாதங்கள் பெஞ்சின் அந்த முனையில் ஒருவர், இந்த முனையில் ஒருவர். யசோதாம்மா அவர்களைக் கடந்து போவார், வருவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பிறகு ஒருநாள் இருவருக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுத் தூக்குப்போசி இருந்தது.

வழக்கு சில வருடம் இழுத்தது. சம்பவம் நடந்தபோது மாதப்பா நோயின் பிடியில் இருந்தார் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. யாராவது ஒருவர் பொறுப்பேற்றுத் தொடர்ந்து சிகிச்சை கொடுத்தால் அனுப்பலாம் என்றார்கள். அக்காவின் கணவர் எழுந்தார். பின்வரிசையிலிருந்து கௌரம்மாவும் எழுந்தார். “நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. யசோதாம்மாவுக்கே அது தெரியாது. வெளியே புங்கமரத்தடியில் வந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்ட யசோதாம்மா, மூக்கில் தூசி போய்விட்டது என்றார். பிறகு கௌரம்மாவைக் கூப்பிட்டு, “ராக்காவலுக்கு மட்டும் அவர எந்தக் காலத்துலயும் அனுப்பாத. அவருக்குத் தூக்கமும் ஒரு மாத்திரதான்” என்றார். அவருடைய குரல் கோர்ட்டு வளாகம் முழுவதும் கேட்டது.

மைத்துனர் இன்றுவரை மாதப்பாவிடம் பேசுவதில்லை. அதையும் யசோதாம்மா தவறு என்று சொன்னதில்லை.

நான் ஓய்வு பெற்றேன். சில வருடங்களில் அவரும் ஓய்வு பெற்றார். போன மாங்காய்க் காலத்தில் தொலைபேசியில் பேசினோம். மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டதில் பூவெல்லாம் உதிர்ந்துவிட்டது என்று குறைபட்டுக்கொண்டார். தன் இடத்துக்குப் புதிதாக வந்து சிறைக்குப் போகும் பெண் நன்றாக வேலை செய்கிறாள் என்றார். “ஆனா ரொம்ப மெதுவாப் பேசுறா சார். கடைசி அறைக்குக் கேக்காது” என்றார். நான் சிரித்தேன். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

வேப்பனப்பள்ளியில் அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தூறல் விட்டிருந்தது. சீருடையில் காவலர்கள், மருத்துவமனைச் செவிலியர்கள், வழக்கறிஞர்கள் வந்திருந்தார்கள். மாதப்பாவும் கௌரம்மாவும் ரோஜா மாலையோடு வந்து, வைத்துவிட்டு, பேசாமல் ஓரமாக உட்கார்ந்தார்கள். மஞ்சுநாத் வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இவர்களைத் தவிர வேறு பலரும் வந்திருந்தார்கள். தனித்தனியாக வந்தார்கள். கும்பிட்டுவிட்டு யாரிடமும் பேசாமல் நின்றார்கள். அந்த முகங்களில் சில எனக்குத் தெரிந்தவை. தெரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

அப்படி ஒருவர் தொழிற்சாலைச் சீருடையில், மனைவியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். எங்கள் சிறையில் ஒரு குளிர்காலம் இருந்தவர். அழுகை நிற்காமல், புதன்கிழமை எப்போது வரும் என்று மஞ்சுநாத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவர். கல்யாணத்துக்கு முந்திய விஷயம். பூவைக் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தவரின் கண் நிறைந்திருந்தது. அவர் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

“யாருங்க இவங்க?” என்று கேட்டார்.

“கம்பெனியில தெரிஞ்சவங்க” என்றார் அவர். சொல்லிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தார். வயதானவர் ஒருவர் கலங்கி நிற்பதைக் கண்டு இரக்கப்பட்டிருக்க வேண்டும். “நீங்களும் அந்தக் கம்பெனிங்களா சார்?”

“ஆமாம்மா” என்றேன். “எல்லாரும் ஒண்ணாத்தான் இருந்தோம்.”

அவர் கணவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். பாடையைத் தூக்கும் நேரம் வந்தபோது, எனக்குப் பக்கத்துத் தோள் அந்த மனிதருடையதாக இருந்தது. தோப்பு வழியாக, ஈர மண்ணில், மாமரங்களுக்கு நடுவே யசோதாம்மாவைக் கொண்டுபோனோம். முன்னால் போனவர்கள் களைத்தபோது பின்னால் வந்தவர்கள் தோள் கொடுத்தார்கள்.

நிம்மதியாகத் தூங்குங்கள், யசோதாம்மா. உங்களை நாங்கள் நல்ல கைகளில்தான் ஒப்படைத்திருக்கிறோம்.